ஒரு சாமான் மட்டும் பாக்கி

ஜாவா வண்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான். நம்பாதவர்களுக்கு நேரிலேயே செய்து காட்டியிருக்கிறேன். இடது கால் பக்கம் கியர் லீவர் படுத்துக் கிடக்கும். அதை எஞ்சினை நோக்கி உள்ளே அழுத்தி, அப்படியே மேலே சுழற்றினால் நிமிர்ந்து நின்றுவிடும். இப்போது அது கிக்கர். உதைத்து எஞ்சின் பிடித்ததும் பழையபடி கீழே இறக்கிவிட்டால் மறுபடியும் கியர். ஒரே காலுக்கு இரண்டு லீவர் எதற்கு என்று எவரோ ஒருவர் யோசித்திருக்கிறார். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என்னுடையது அறுபத்தேழாம் வருடத்து வண்டி. மூன்று வருடமாக அதைப் பிரித்து, கழுவி, தேய்த்து, திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பங்குனியில் எஞ்சின், சக்கரம், வயரிங், பெயிண்ட் எல்லாம் எப்போதோ முடிந்து, காரைக்குடி செக்காலையில் என் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஸ்டாண்டு போட்டு நின்றது. ஒரே ஒரு சாமான் மட்டும் பாக்கி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

எல்லோரும் என்றால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் நாற்பத்தாறு பேர். சிவகங்கை மாவட்டத்தில் பழைய வண்டி வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவர்கள். கீழச்சிவல்பட்டியில் ஒருவர் மாட்டுக் கொட்டகையில் அம்பாசிடரை நிறுத்தியிருக்கிறார். கொத்தமங்கலத்து முகேஷ் ஐம்பத்தெட்டாம் வருடத்து ஃபியட்டை நாலு வருடமாகப் பெயிண்ட் சுரண்டிக்கொண்டிருக்கிறான். யாருக்கும் வேலை முடிவதில்லை. யாரும் அதற்காக வருத்தப்படுவதுமில்லை.

நான் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி ரேணுகா மகளின் பிரசவத்துக்காக பெங்களூருக்குப் போனாள். மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள். பேத்திக்கு இப்போது இரண்டே முக்கால் வயது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை யார் பார்ப்பது? அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொங்கலுக்கு வருவாள், ஒரு வாரம் இருப்பாள், ஊறுகாய் போட்டு வைத்துவிட்டுப் போவாள். இரவு எட்டு மணிக்கு போன் செய்து, “சாப்டீகளா?” என்பாள். “சாப்டேன்.” “சரி, பாப்பா தூங்கப் போகுது, வைக்கிறேன்.”

அவள் போன அடுத்த மாதம்தான் வண்டியை வாங்கினேன். பெட்ரோல் டேங்குக்குள் விரல் விட்டால் துரு கைப்பிடி அளவுக்கு வந்தது. அதைச் சுரண்டாமலே எடுக்கலாம். டேங்கில் தண்ணீர் நிரப்பி, சலவைச் சோடா ஒரு கை கலந்து, நடுவில் ஓர் இரும்புக் கம்பியை டேங்கில் படாமல் தொங்கவிட வேண்டும். பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை டேங்குக்கும், பாசிட்டிவைக் கம்பிக்கும் கொடுத்தால், பொரிபொரியாகக் குமிழி கிளம்பும். துரு இளகித் தானாகவே உதிரும். கம்பி தேய்ந்துகொண்டே வரும். மாற்றிக் கொடுத்துவிட்டால் டேங்க் தேய்ந்துவிடும், அதுதான் கவனம். இதை ஐந்து நிமிடக் குரல் பதிவாகக் குழுவில் போட்டேன். அன்று மட்டும் பதினொரு பேர் போன் செய்தார்கள். “அண்ணே, குமிழி வரலண்ணே.” “சோடா பத்தல தம்பி, இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க.” இப்படியே பொழுது போனது. அந்த வருடத்தில் நான் முதன்முதலாகத் தொண்டை கட்டுகிற அளவுக்குப் பேசியது அன்றுதான்.

பத்து மாதத்துக்கு முன்னால், ஒரிஜினல் கார்புரேட்டர் வேண்டும் என்று குழுவில் எழுதினேன். வேறு வண்டியின் கார்புரேட்டரைப் பூட்டினாலும் ஓடும். எங்கள் ஆட்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரிஜினல் என்றால் ஒரிஜினல். அதிலிருந்து காலை எட்டு மணிக்கு யாராவது ஒருவர் கூப்பிட்டுவிடுவார். “அண்ணே, கெடைச்சுச்சா?” “இன்னும் இல்ல.” “கார்ப்ரேட்டர் வந்தாத்தான் அக்காவும் ஊருக்கு வருவாகளாக்கும்” என்று கேலி. பிறகு மழை, மருமகன், முழங்கால் வலி என்று பேச்சு எங்கெங்கோ போகும்.

மூன்றாம் மாதம் கார்புரேட்டர் கிடைத்துவிட்டது.

மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. சாப்பாட்டுப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். அன்று மாலையே புதுக் காகித கேஸ்கெட் வெட்டி வைத்து, எஞ்சினில் பூட்டி, நட்டை முறுக்கினேன். பெட்ரோல் ஊற்றி உதைப்பது ஒன்றுதான் மிச்சம். அப்போது மாயக்கண்ணனின் ஞாபகம் வந்தது.

மாயக்கண்ணன் குழுவில் லாம்ப்ரட்டா ஸ்கூட்டர் வைத்திருந்தவர். இரண்டு வருட வேலை. ஒருநாள் அதை ஓட்டிக் காட்டி வீடியோ போட்டார். நாற்பது பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். அதோடு சரி. முடிந்த வண்டியைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? ஒரு மாதம் கழித்து நானாக போன் செய்து வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “நிக்கிதுண்ணே. எங்க போறது அதுல?” என்றார். சில நாளில் அவர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டதாகச் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. அதற்குக் கீழேயே முகேஷ் ஏதோ ஒரு போல்ட்டின் படம் போட்டிருந்தான். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் நட்டைக் கழற்றினேன். கார்புரேட்டரைப் பழைய பனியனில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தேன். எஞ்சின் ஓட்டையில் பல்லி போகாமல் துணியை அடைத்தேன். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஏழு மாதமாகிவிட்டது.

சும்மா இருந்தும் விடவில்லை. யாராவது கிடைத்தது என்று படம் அனுப்பினால், அதில் என்ன குறை என்று விளக்குவேன். இதற்குள் ஏறி இறங்கும் ஸ்லைடு தேய்ந்திருக்கிறது, காற்று இடுக்கில் ஏறும். இதன் துளை முட்டை வடிவமாகிவிட்டது. இது வேறு மாடல், பெட்ரோல் வரும் ஜெட் துளையின் அளவு ஒத்துவராது. எல்லாமே சரியான விளக்கங்கள். அதனால் மரியாதை கூடத்தான் செய்தது. கல்லல் சின்னக்கருப்பன் எனக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் வரை போய் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

அந்தச் சின்னக்கருப்பன்தான் பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் மஞ்சப்பை. அவர் கல்லலுக்குப் பக்கத்தில் குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர். காலையிலும் மாலையிலும் நாலு ஊருக்கு வால்வு திறந்துவிட வேண்டும். அதற்கு அவர் போவதும் ஒரு ஜாவாவில்தான். எங்கள் குழுவில் பழைய வண்டியை வேலைக்கு ஓட்டுகிற ஒரே ஆள்.

“வாங்க தம்பி, எதுல வந்தீக? வண்டிச் சத்தமே கேக்கல?”

“பஸ்ஸுலண்ணே.”

“அப்ப ஊருக்குத் தண்ணி?”

“காலையில தொறந்தாச்சு. இனி நாலு மணிக்குத்தான். மொதல்ல கண்ண மூடுங்க.”

“என்ன தம்பி, சின்னப்புள்ள மாதிரி.”

“மூடுங்கண்ணே. கைய நீட்டுங்க.”

கையில் வைத்ததுமே கண் திறக்காமல் தெரிந்துவிட்டது. எடையும் அந்தக் குளிர்ச்சியும் போதும்.

“ஒரிஜினலு!” என்றார். “இதுலயும் நொட்டை சொன்னீகன்னா, நான் குரூப்ப விட்டே போயிருவேன் பாத்துக்கங்க. மானாமதுரையில மச்சான் இரும்புக்கடை வெச்சிருக்கான்ல, அவன் பரண்ல கெடந்துச்சு. பத்து வருசமா.”

நான் பழக்கதோஷத்தில் மிதவை அறையின் மூடியைத் திறந்தேன். கார்புரேட்டரின் பக்கவாட்டில் சின்னக் கிண்ணம் மாதிரி ஓர் அறை உண்டு. அதில் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைந்தால் மிதவை எழுந்து வழியை அடைக்கும், குறைந்தால் இறங்கித் திறக்கும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதக்கிறதே, அதே கணக்கு. இந்த வண்டிக்கு பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும், லிட்டருக்கு நாற்பது மில்லி. ஓடாமல் கிடந்தால் சில மாதத்தில் பெட்ரோல் ஆவியாகிவிடும். எண்ணெய் மட்டும் தங்கி, காய்ந்து, பழுப்புப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். விரல் நகத்தால் பெயர்த்தாலும் வராது.

இந்தக் கிண்ணத்தில் பிசின் இல்லை. அடியில் பெட்ரோல் ஈரம் இன்னும் காயாமல் இருந்தது. மஞ்சப்பையின் மூலையிலும் அதே ஈரம் ஊறியிருந்தது. அன்று காலைவரை ஓடிய வண்டியிலிருந்து கழற்றியது.

சொல்ல வாயெடுத்தேன். அவரோ அதற்குள் வண்டிப் பக்கம் போய் உட்கார்ந்து ஸ்பானரை எடுத்துவிட்டார்.

“நீங்க பாத்துக்கிட்டே இருங்க, நான் மாட்டிர்றேன். இன்னைக்கு வீடியோ போட்டே ஆகணும். வெடிய வெச்சுக் கொளுத்திருவமா?” என்று சொல்லிக்கொண்டே எஞ்சின் ஓட்டையில் இருந்த துணியை உருவினார்.

குனிந்து ஓட்டையைப் பார்த்தார்.

“அண்ணே, இங்குட்டு வாங்க.”

போனேன். எஞ்சினும் கார்புரேட்டரும் சேரும் இடத்தில் காகித கேஸ்கெட் ஒட்டியிருந்தது. கழற்றியபோது அதை எடுக்காமல் விட்டிருக்கிறேன். புதுக் காகிதம் தட்டையாக, சொரசொரப்பாக இருக்கும். ஒருமுறை வைத்து முறுக்கிவிட்டால் இரும்பின் விளிம்பு அதில் அச்சாகப் பதிந்து, அந்த இடம் மட்டும் பளபளக்கும். காற்று போகாமல் இருக்க அப்படி நசுங்குவதுதான் அதன் வேலை. பிறகு எந்தக் காலத்திலும் அது பழைய மாதிரி ஆகாது.

“புதுக் கேஸ்கெட்டு,” என்றார் சின்னக்கருப்பன். “ஆனா நசுங்கியிருக்கு. கார்ப்ரேட்டரே இல்லாம இதை எது நசுக்குச்சு?”

“தம்பி…”

“மாட்டிப் பாத்திருக்கீக.”

“ம்.”

“எப்ப?”

“ஐப்பசிக்கு முன்னாடி. ஏழு மாசமாச்சு.”

“எங்க இருக்கு?”

போய் அரிசி டிரம்மைத் திறந்து எடுத்துவந்தேன். பனியனில் அரிசி ஒட்டியிருந்தது. இரண்டு கார்புரேட்டர்களையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் ஒரு புத்தி போனது பாருங்கள். “நீங்களும் பொய்தான சொன்னீக? பரண்ல பத்து வருசம் கெடந்தது ஈரமாவா இருக்கும்? உங்க வண்டியில இருந்துதான கழட்டியாந்தீக?” என்றேன்.

“ஆமா. எப்படியும் வேற ஒண்ணத் தேடி மாட்டிக்கிருவேன், அதுவரைக்கும் சைக்கிள்ல போயிக்கிருவோம்னு கழட்டினேன். நான் சொன்ன பொய்யும் நீங்க சொன்ன பொய்யும் ஒண்ணாண்ணே?”

நான் பனியனில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டினேன்.

“திண்டுக்கல்லுல அன்னைக்கு என்ன வெயிலு தெரியுமா? பதினாலு கடை ஏறி எறங்கினேன். நீங்க போன்ல, ‘பரவால்ல தம்பி, பாத்துப் பத்திரமா வாங்க’ன்னீக. அது அப்ப டிரம்முல இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“ஏண்ணே?”

மிதவை எப்படி எழும், ஸ்லைடு எப்படி ஏறும், எதைக் கேட்டாலும் எனக்கு விளக்க வரும். இதற்கு வரவில்லை. கடைசியில், “முடிஞ்சுபோச்சுன்னா அப்புறம் யாரு தம்பி என்னையக் கூப்புட்டுக் கேப்பா?” என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று எனக்கே கேட்டது.

அவர் எழுந்து கையைத் துடைத்தார்.

“மணி பதினொண்ணரை. நாலு மணிக்கு நான் வால்வுல நிக்கணும். உங்களோடத மாட்டுங்க. அதுலயே என்னையக் கொண்டுபோயி விடுங்க. என்னோடது என் வண்டிக்குப் போகட்டும்.”

நானே பூட்டினேன். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டி வைத்தேன். கிளட்சும் ஆக்சிலேட்டர் கேபிளும் சரிபார்த்து, எண்ணெய் கலந்து பெட்ரோல் ஊற்றி முடித்தபோது மணி இரண்டாகிவிட்டது. அவர் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றார்.

கார்புரேட்டரின் தலையில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதை அழுத்தினால் மிதவை கீழே அமுங்கும், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வரும். விரலில் ஈரம் பட்டதும் விட்டுவிட வேண்டும். லீவரை உள்ளே அழுத்தி நிமிர்த்தி உதைத்தேன். நாலாவது உதையில் பிடித்தது. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். இரண்டிலிருந்தும் வெள்ளைப் புகை சுருண்டு வந்து கொட்டகையை நிறைத்தது. அந்தச் சத்தத்தை மூன்று வருடமாக மனதுக்குள் கேட்டிருக்கிறேன். அங்கே நாற்பது பேர் நிற்பதாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருவர்தான் இருந்தார். அவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லலுக்கு இருபது கிலோமீட்டர். நாற்பதுக்கு மேல் முறுக்கவில்லை. புது பிஸ்டனை எடுத்ததுமே விரட்டக்கூடாது. என்னதான் வழவழப்பாகக் கடைந்தாலும் பிஸ்டனிலும் சிலிண்டரிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓடி, ஒன்றை ஒன்று தேய்த்து, ஒன்றுக்கு ஒன்று பழக வேண்டும். அவசரப்பட்டால் சூடேறிக் கடித்துக்கொள்ளும். இதைப் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்ல வாய் துடித்தது. அவருக்கே தெரியும். மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என் தோளைப் பிடிக்காமல், கேரியர் கம்பியைப் பிடித்தபடி வந்தார்.

அவர் வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் வண்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இருவருமாகப் பூட்டினோம். இரண்டாவது உதையில் கிளம்பியது. மணி மூன்றே முக்கால். அவர் வால்வுச் சாவியை, ஆள் உயரத்துக்கு இருக்கும் அந்த இரும்புக் கம்பியை, பக்கவாட்டில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

“குரூப்புல நான் சொல்ல மாட்டேன்,” என்றார். “நீங்களாச் சொன்னாச் சொல்லுங்க. சொல்லலேன்னா அது உங்க இஷ்டம். ஆனா எனக்கு போன் பண்ணாதீக.”

போய்விட்டார்.

அவர் மனைவி அக்கம்மாள் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்தார். காலையில் கணவர் வண்டியைப் பிரித்ததையும், அது இப்போது திரும்பி வந்ததையும் பார்த்தவர்.

“வாங்கிக் குடிங்கண்ணே. நேத்துச் சாயங்காலமே கேட்டேன், இருக்குற வண்டிய எதுக்குக் கழட்டணும்னு. அந்த மனுசன் ஒத்தையில கெடந்து தவிக்கிறாருன்னு சொன்னாக. இப்ப என்னாச்சு, பிடிக்கலையா?”

மறைக்கத் தோன்றவில்லை. நின்றபடியே சொன்னேன். அவர் மோர்ச் சொம்பை வாங்கிக்கொண்டார்.

“ஆளு வேணும்னா ஆளக் கூப்புட வேண்டியதுதானண்ணே? நீங்க சாமானக் கேட்டீக, அவுகளும் சாமானத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தாக. ஒரு நா சோறு திங்க வாங்கன்னு கூப்புட்டிருந்தாலும் ஓடித்தான் வந்திருப்பாக.” கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் பாதித் தூரத்தில் ஒரு சின்னப் பாலம். வண்டியை நிறுத்திவிட்டுக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். எஞ்சின் சூடு தணியும்போது இரும்பு சுருங்கி டிக், டிக் என்று சத்தம் கேட்டது. போனை எடுத்தேன். குரல் பதிவு போட்டால் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவேன் என்று பயந்து, எழுதினேன்.

“வண்டி இன்று ஓடிவிட்டது. கார்புரேட்டர் ஏழு மாதமாக என்னிடம்தான் இருந்தது. நீங்கள் கூப்பிட்டுக் கேட்பது நின்றுவிடும் என்று மறைத்தேன். தேடி அலைந்த எல்லோரும் மன்னிக்கவும். பூமிநாதன்.”

அனுப்பிவிட்டேன்.

குழுவில் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து, தகவல் என்பதைத் தொட்டால், யார் யார் படித்தார்கள் என்று பெயரும் நேரமும் வரும். பலருக்கு இது தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டுப் பேர். பதினாலு பேர். இருபத்திரண்டு. நாலு நாற்பத்தொன்றுக்குச் சின்னக்கருப்பன் பெயர் வந்தது. ஏதோ ஓர் ஊரில் வால்வைத் திருகிவிட்டு, தண்ணீர் ஏறும்வரை நின்றுகொண்டிருந்திருப்பார். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. திட்டியிருந்தாலும் படித்திருப்பேன்.

ஐந்தே முக்காலுக்கு முகேஷ் ஒரு படம் போட்டான். அவன் ஃபியட்டின் முன்கதவு தொங்குகிறது, பூட்டினால் பொருந்தவில்லை, கீல் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தான். உடனே மூன்று பேர் பதில் எழுதினார்கள். மதுரை என்றார் ஒருவர், கோயம்புத்தூர் என்றார் இன்னொருவர். மூன்றுமே தவறு. அந்தக் கதவில் கீல் தேயாது. கீலுக்குள் இருக்கும் பின்தான் தேயும். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, லேத்தில் அதற்குத் தக்கபடி தடிமனாக ஒரு பின் கடைந்து போட்டால் போதும். அரை நாள் வேலை.

எழுதி அனுப்பினேன். என் பதிலுக்குச் சற்று மேலேயே என் மன்னிப்பும் இருந்தது. இரண்டையும் ஒரே திரையில் பார்க்க முடிந்தது. முகேஷ் படித்துவிட்டான். ‘டைப் செய்கிறார்’ என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உதைத்தேன். சூடான எஞ்சின், முதல் உதையிலேயே பிடித்தது. நாற்பதில் வைத்து ஓட்டினேன். எங்கும் இடறவில்லை. கியர் மாற்றும்போது கிளட்சைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. லீவரை அசைக்கும்போதே கிளட்சும் தானாக விலகும்படி இந்த வண்டியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மூன்று வருடம் நான் செய்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

காரைக்குடிக்குள் நுழைந்தபோது கடைகளில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூட்டும்போது பூஜ்யத்தில் வைத்த கிலோமீட்டர் மீட்டரில் முப்பத்தொன்பது காட்டியது. இன்னும் நானூற்று அறுபத்தொரு கிலோமீட்டர் இப்படியே மெதுவாக ஓட்ட வேண்டும். செக்காலைக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. திரும்பினால் வண்டி மறுபடி கொட்டகையில்தான் நிற்கும். திரும்பாமல் நேரே போனேன்.